வலிப்புக்கு நியூரோ (மூளை நரம்பு) டாக்டர்தான் பாக்கணுமா, நம்ம ஊர் பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) போதுமா?

போன மாசம் ஒரு நாள் நைட்டு பத்து மணிக்கு சித்தி போன் பண்ணுனாங்க. "சின்னவனுக்கு மறுபடியும் வெட்டு வந்துருச்சுய்யா, இது ரெண்டாவது தடவ, உங்க சித்தப்பா மதுரைக்கு கூட்டிட்டுப் போய் பெரிய டாக்டர்ட்ட காட்டியே ஆகணும்னு நிக்கிறாரு, நர்சம்மா என்னடான்னா பி.எச்.சிக்கே வாங்க மாத்திரை இருக்குங்குது, நான் என்ன செய்ய?" அப்படின்னு ஒரே மூச்சுல கேட்டாங்க. பையனுக்கு 19 வயசு, ஐ.டி.ஐ படிக்கிறான். ஏன் என்கிட்ட கேக்குறாங்கன்னா என் தங்கச்சிக்கு 14 வருஷமா வலிப்பு இருக்கு, இந்த 14 வருஷத்துல நாங்க போகாத வழி இல்ல, பிரைவேட் நியூரோ, கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரி, கேம்ப், பி.எச்.சி, நடுவுல எங்க அப்பத்தா பேச்சைக் கேட்டு மந்திரிச்சு கயிறும் கட்டிருக்கோம்.

நான் டாக்டர் இல்ல, நோயாளியோட அண்ணன். அன்னைக்கு போன்ல அரைமணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் சரிபாத்து இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியை வேற மூணு பேரும் கேட்டுட்டாங்க.

எங்க ஊரு ராமநாதபுரம் மாவட்டத்துல உள்ள தள்ளி இருக்கு, மதுரைக்குப் போய்வர ஒரு முழு நாள் போயிரும். காலைல அஞ்சரை பஸ்ஸை விட்டா அன்னைக்கு டோக்கன் இல்ல. நோயாளி ஒருத்தர், கூட ஒருத்தர், ரெண்டு பேரோட கூலியும் போச்சு, சாப்பாடு, பஸ், ஃபீஸ் எல்லாம் சேத்தா ஒவ்வொரு தடவையும் ஆயிரத்துக்கு மேல ஆகிரும், அதுல மாத்திரை விலை சேரல. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா வலிப்பு வைத்தியத்துல பாதி விஷயம் இந்தக் கணக்குலதான் இருக்கு. சக்கரை மாதிரி இதுவும் தினம் மாத்திரை போடுற நோய், ஆனா சக்கரைக்கு ஒரு வாரம் மாத்திரை போடலன்னா உடனே கீழ விழுந்துர மாட்டோம், வலிப்புக்கு ரெண்டு நாள் விட்டாலே விழ வாய்ப்பு இருக்கு, கண்மாய்க் கரையில விழலாம், அடுப்புல விழலாம். எங்க பக்கம் கரிமூட்டம் போடுற வேலை ஜாஸ்தி, அதுல நெருப்புப் பக்கத்துல விழுந்து கை வெந்தவங்களை நானே பாத்துருக்கேன்.

உலகம் பூரா சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூ.எச்.ஓ) சொல்லுது, அதுல 80 சதவீதம் கிட்ட நம்மள மாதிரி நாடுகள்லதான். சரியா கண்டுபிடிச்சு சரியா மருந்து குடுத்தா 70 சதவீதம் பேர் வரைக்கும் ஃபிட்ஸ் இல்லாம வாழலாம்னும் அவங்களேதான் சொல்றாங்க. அப்புறம் ஏன் இவ்வளவு பேர் விழுந்துட்டு இருக்காங்கன்னா மருந்து இல்லாம இல்ல, பழைய மாத்திரை எல்லாம் ஒரு ரூபா ரெண்டு ரூபாதான். மருந்துக்கும் ஆளுக்கும் நடுவுல நூறு கிலோமீட்டர் இருக்கு, அவ்வளவுதான். இந்தியா மொத்தத்துக்கும் நியூரோ டாக்டர் சில ஆயிரம் பேர்தான், அதுலயும் ரொம்பப் பேர் பெரிய சிட்டியில. அவங்க நம்ம ஊருக்கு வந்து உக்காரப் போறது இல்ல.

சரி, சித்தப்பா சொன்ன வழி முதல்ல. பிரைவேட் நியூரோ. நல்லது என்னன்னா ஒரே நாள்ல பாத்துருவாங்க, ஸ்கேன், இ.இ.ஜி (மூளையோட மின்சார ஓட்டத்தைப் பதிவு பண்ற டெஸ்ட்) எல்லாம் அங்கேயே முடியும், டாக்டர் கொஞ்சம் உக்காந்து கதை கேப்பாரு. என் தங்கச்சிக்கு முதல் தடவை அப்படித்தான் போனோம், ஸ்கூல்ல பிரேயர்ல நிக்கும்போது விழுந்தா, பதினாறு வயசு. ஸ்கேன் காசு, இ.இ.ஜி காசு, ஃபீஸு, அன்னைக்கே அம்மாவோட தோடு அடகுக்குப் போச்சு. எழுதிக் குடுத்தது ரெண்டு மாத்திரை, ஒரு வைட்டமின், ஒரு கேஸ் மாத்திரை. மூணு மாசம் ஒழுங்கா வாங்குனோம். நாலாவது மாசம் அறுப்பு சரியில்ல, கையில காசு இல்ல, "இப்பத்தான் வரலையே, ஒரு மாசம் பாப்போம்"னு அப்பா சொன்னாரு. பதினோராவது நாள் ஒரே ராத்திரியில மூணு தடவை வந்துச்சு, நடுவுல நினைவு திரும்பவே இல்ல. 108-ல தூக்கிப் போட்டு ஓடுனோம். அப்பா அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்த உக்காருதல் எனக்கு இன்னும் மறக்கல. டாக்டர் மேல தப்பே கிடையாது, அவர் எழுதுனது நல்ல மருந்து, எங்களால மாசாமாசம் வாங்க முடியாத மருந்து, அது ஒண்ணுதான் குறை.

அப்புறம் கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரி நியூரோ ஓ.பி. அங்க ஃபீஸ் இல்ல, மாத்திரை ஃப்ரீ, டாக்டர்களும் தரமானவங்க, சொல்லப்போனா பிரைவேட்ல உக்காந்திருக்கிறவங்களை விட நாள் ஒண்ணுக்கு பத்து மடங்கு கேஸ் பாக்குறவங்க. ஆனா கூட்டம். உங்களுக்குக் கிடைக்கிறது மூணு நிமிஷம், அதுல பாதி நேரம் பழைய சீட்டு தேடுறதுல போயிரும். மாத்திரை ஒரு மாசத்துக்கோ சில சமயம் பதினஞ்சு நாளைக்கோ குடுப்பாங்க, அப்ப திரும்ப அந்த அஞ்சரை பஸ். தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் இப்படி அலைஞ்சோம். பெரும்பாலும் நான்தான் போவேன், அவளைக் கூட்டிட்டே போக மாட்டேன், சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிட்டு வந்துருவேன், அப்படியே அவளை எந்த டாக்டரும் நேர்ல பாக்காம பத்து மாசம் ஓடிப்போச்சு. அது தப்புன்னு பின்னாடிதான் உறைச்சுது.

கேம்ப் பத்தி ரெண்டு வரி போதும். வந்தா போங்க, பெரிய டாக்டரை ஊர்லயே பாக்குற வாய்ப்பு, ஆனா கேம்ப்ல குடுக்குற மாத்திரை பத்து நாள், பதினோராவது நாள் யாருன்னு கேட்டுட்டு வாங்க. கயிறு கட்டுறது, மந்திரிக்கிறது உங்க மனசுக்கு ஆறுதல்னா கட்டிக்கோங்க, நான் சண்டைக்கு வரல, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.

இப்ப பி.எச்.சி. இதுலதான் எல்லாருக்கும் சந்தேகம், "எம்.பி.பி.எஸ் டாக்டர், காய்ச்சலுக்கு ஊசி போடுறவரு, மூளை நோய்க்கு என்ன தெரியும்"னு சித்தப்பா கேட்டதுல தப்பில்ல, நானும் கேட்டவன்தான். ஆனா இது நம்ம ஊர்ல மட்டும் வேற வழி இல்லாம செய்யுற ஏற்பாடு இல்ல, உலகத்துல நிறைய இடத்துல திட்டம் போட்டே செஞ்சு பாத்துருக்காங்க. சீனாவுல கிராமப் பகுதிகள்ல சாதாரண உள்ளூர் டாக்டர்களுக்கு கொஞ்ச நாள் டிரெயினிங் குடுத்து, பினோபார்பிடோன்னு நூறு வருஷத்துக்கு மேல பழைய மாத்திரை ஒண்ணை மட்டும் வச்சு, 2455 பேருக்கு வைத்தியம் பாத்தாங்க, அதோட ரிசல்ட் 2006-ல வந்துச்சு. ஒரு வருஷம் முழுசா மாத்திரை போட்டவங்கள்ல 68 சதவீதம் பேருக்கு ஃபிட்ஸ் பாதியாவோ அதுக்கும் கீழயோ குறைஞ்சுது, மூணுல ஒருத்தருக்கு வரவே இல்ல. நியூரோ டாக்டர் பக்கத்துல இல்லாம, பிராண்ட் மாத்திரை இல்லாம. நம்ம பக்கத்துலயே கர்நாடகாவுல யளந்தூர்னு ஒரு ஏரியா, பெங்களூர் நியூரோ டாக்டர் கே.எஸ். மணியும் அவர் டீமும் அந்தக் கிராமங்கள்ல பினோபார்பிடோன், பினைடாயின் ரெண்டை மட்டும் வச்சு வருஷக்கணக்குல பாத்து, 2001-ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிக்கைல எழுதுனாங்க. பெங்களூர்ல இருக்குற மூளை, மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ்காரங்க 1980-கள்லயே கர்நாடகாவுல கௌரிபிதனூர்ல மாசம் ஒரு நாள் போய் கிளினிக் நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. டபிள்யூ.எச்.ஓ 2010-ல சாதாரண டாக்டர், நர்ஸுக்குன்னு போட்ட கைடுலயும் வலிப்பு ஒரு தனி பாடமாவே இருக்கு.

அதனால 'பி.எச்.சில முடியுமா'ங்கிற கேள்விக்கு பதில் முடியும்தான். எது முடியும், எது முடியாதுன்னு பிரிச்சுப் பாக்கணும், அங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

பி.எச்.சில நல்லா நடக்குறது மாசாமாசம் மாத்திரை குடுக்குறது, எத்தனை தடவை வந்துச்சுன்னு கேக்குறது, டோஸ் கொஞ்சம் கூட்டுறது, பக்க விளைவு பாக்குறது, வரலன்னா நர்சம்மா வீட்டுக்கு வந்து ஏன் வரலன்னு கேக்குறது. இந்தக் கடைசி விஷயத்தை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் செய்யாது. தங்கச்சி ஒரு தடவை மாத்திரை வாங்கப் போகல, காய்ச்சல்ல படுத்திருந்தா, மூணாவது நாள் நர்சம்மா ஸ்கூட்டியில வாசல்ல வந்து நின்னாங்க. தடுப்பூசி போட வந்த வழியில எட்டிப் பாத்ததுதான், ஆனா அந்த எட்டிப் பாக்குறதுதான் அந்த மாசம் அவளைக் காப்பாத்துச்சு.

சறுக்குறது எங்கன்னா, முதல் முடிவுல. இது வலிப்புதானான்னு சொல்றது. கேட்டா ஈசியா இருக்கும், ஆனா வெட்டி விழுறது எல்லாம் வலிப்பு நோய் இல்ல. குடிச்சுட்டு இருந்தவர் திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வெட்டு வரும், சக்கரை ரொம்ப இறங்குனா வரும், வெயில்ல வரிசையில நின்னு மயங்கி விழுறப்பக்கூட ரெண்டு தடவை கை வெட்டும், மன அழுத்தத்துல வலிப்பு மாதிரியே வர்றதும் இருக்கு, அது நடிப்பு இல்ல, ஆனா வலிப்பு மாத்திரை அதுக்கு வேலை செய்யாது. இவங்க எல்லாருக்கும் அவசரத்துல மாத்திரை ஆரம்பிச்சுட்டா அப்புறம் அதை நிறுத்த யாருக்கும் தைரியம் வராது, வருஷக்கணக்குல ஓடும். எங்க தெருவுல ஒரு அண்ணன் ஒரே ஒரு தடவை, குடியை விட்ட மூணாவது நாள் விழுந்ததுக்கு ஆறு வருஷம் பினைடாயின் போட்டாரு, ஈறு வீங்கி பல்லையே மூடிருச்சு.

இ.இ.ஜி எடுத்தா தெரிஞ்சுராதான்னு கேப்பீங்க. தெரியலாம், தெரியாமலும் போகலாம், நிஜமாவே வலிப்பு இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு முதல் இ.இ.ஜி நார்மலாத்தான் வரும். அதை விட உபயோகமானது நேர்ல பாத்தவங்க சொல்ற கதை, அதை விட உபயோகம் செல்போன் வீடியோ. வலிப்பு வரும்போது வீடியோ எடுக்குறது கல்நெஞ்சு மாதிரி தெரியும், ஆனா ஒருத்தர் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க, இன்னொருத்தர் எடுக்கட்டும், முதல் பத்து விநாடிதான் முக்கியம், தலை எந்தப் பக்கம் திரும்புச்சு, எந்தக் கை முதல்ல வெட்டுச்சுன்னு. சித்தி மக எடுத்து வச்சிருந்தா, வலது கை முதல்ல வெட்ட ஆரம்பிச்சு அப்புறம்தான் உடம்பு பூரா பரவுது. அதைப் பாத்ததும்தான் நான் சித்தப்பா பக்கம் சாஞ்சேன். ஏன்னா ஒரு கை, ஒரு பக்கம்னு ஆரம்பிச்சா மூளைல ஒரு இடத்துல ஏதோ இருக்கலாம், பெரிய ஆளுக்குப் புதுசா அப்படி வந்தா ஸ்கேன் பாக்காம மாத்திரை மட்டும் போட்டுட்டு இருக்குறது சரியில்ல, பி.எச்.சில ஸ்கேன் இல்ல.

அதனால நான் சொன்னது இதுதான்: ஒரு தடவை நியூரோ, மாசாமாசம் பி.எச்.சி. ரெண்டுல ஒண்ணுன்னு யோசிக்கவே வேணாம். ஆனா இப்படி சொல்லிட்டா மட்டும் நடந்துராது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும், அந்தப் பாலத்தை ஆஸ்பத்திரி கட்டித் தராது, நாமதான் கட்டணும்.

எப்படின்னா, நியூரோகிட்ட போறதுக்கு முந்தின நாள் பி.எச்.சி ஃபார்மசியில போய் வலிப்புக்கு என்னென்ன மாத்திரை ரெகுலரா வருதுன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, எத்தனை மில்லிகிராம்னும் சேத்து. அதை நியூரோ முன்னாடி வச்சு, "சார், எங்க ஊர்ல இதுதான் கிடைக்கும், இதுல ஏதாவது இவனுக்கு ஒத்துவருமா"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியை 14 வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பா கேட்டிருந்தா அந்த மூணு தடவை வந்த ராத்திரி வந்துருக்காது. டாக்டர்கள் கோவிச்சுக்க மாட்டாங்க, சித்தப்பாகிட்ட அந்த டாக்டர் சிரிச்சுட்டு "இந்த லிஸ்டை எல்லாரும் கொண்டு வந்தா எனக்கு வேலை ஈசி"ன்னுதான் சொன்னாராம். அப்புறம் நோய் பேரு, மருந்து பேரு, டோஸ், எவ்வளவு வரைக்கும் கூட்டலாம், எப்ப திரும்ப வரணும், இந்த அஞ்சையும் பி.எச்.சி டாக்டருக்கு ஒரு லெட்டரா எழுதி வாங்கிருங்க. அது இல்லாம போனா பி.எச்.சி டாக்டர் பயப்படுவாரு, யார் ஆரம்பிச்ச மருந்தோ நாம ஏன் கை வைக்கணும்னு டோஸ் கூட்டவே மாட்டாரு, பையன் விழுந்துட்டே இருப்பான். பி.எச்.சில டாக்டர் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாறிருவாங்க, பி.ஜி படிக்கப் போயிருவாங்க, லெட்டரும் நோட்டும்தான் நிக்கும்.

மாத்திரைகள்ல எது எப்படின்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா முடிவு அங்கதான் போய் முட்டுது. பினோபார்பிடோன் ரொம்ப சீப், ராத்திரி ஒரு வேளை போட்டா போதும், ஆனா தூக்கம், மந்தம், சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டா சில பேர் ஒரு இடத்துல உக்கார மாட்டாங்க, படிப்பு இறங்கும், திடீர்னு நிறுத்துனா பெரிய ஆபத்து, அது கட்டுப்பாட்டு மருந்துங்கிறதால சாதாரண மெடிக்கல் ஷாப்ல நிறைய பேர் வச்சிருக்குறதும் இல்ல, பி.எச்.சில தீந்துட்டா நடுத்தெருவுலதான். பினைடாயினும் சீப்தான், நல்லா கேக்கும், ஆனா அது ஒரு மாதிரி கோளாறு புடிச்ச மருந்து, டோஸை கொஞ்சூண்டு கூட்டுனாலும் ரத்தத்துல மளமளன்னு ஏறிரும், நடை தள்ளாடும், கண்ணு ஆடும், குடிச்சவன் மாதிரி இருக்கும், அதோட அந்த ஈறு வீக்கம், பொம்பளப் பிள்ளைகளுக்கு முகத்துல முடி. கார்பமசிபின், இந்த ஒரு பக்கம் ஆரம்பிக்கிற வலிப்புக்கு நல்லது, ஆனா முதல் ரெண்டு மூணு மாசத்துல தோல்ல தடிப்பு வந்தா, அதுலயும் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சேந்து வந்தா, அடுத்த வேளை மாத்திரையைப் போடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சில வகை வலிப்புக்கு, அதாவது காலைல எந்திரிச்சதும் கை உதறி டம்ளர் கீழ விழுற வகை, அல்லது பிள்ளைங்க சில விநாடி அப்படியே வெறிச்சுப் பாக்குற வகை, இதுக்கெல்லாம் கார்பமசிபின் போட்டா ஜாஸ்தியாகும், இதனாலயும்தான் முதல் முடிவை நியூரோ எடுக்கட்டும்ங்கிறேன்.

வால்ப்ரோயேட். இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். மருந்து நல்ல மருந்து, நிறைய வகைக்கு கேக்கும், அதனாலயே எல்லாரும் எழுதுவாங்க. ஆனா கர்ப்பத்துல இதைப் போட்டா பத்துல ஒரு குழந்தைக்கு உடம்புல பிறவிக் குறை வர்ற வாய்ப்பு இருக்கு, அது போக மூளை வளர்ச்சி, பேச்சு, படிப்புல பாதிப்பு வர்றது மூணுல ஒரு குழந்தைக்கோ அதுக்கு மேலயோ. 2023-ல டபிள்யூ.எச்.ஓ குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்குற பொண்ணுங்களுக்கு இதை எழுதாதீங்கன்னே சொல்லிருச்சு. என் தங்கச்சிக்கு ஒரு கிளினிக்ல இதைத்தான் அஞ்சு வருஷம் குடுத்தாங்க, கல்யாணம் நிச்சயம் ஆன வரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல, நாங்களும் கேக்கல. பத்திரிக்கை வைக்கப் போன இடத்துல ஒரு நர்ஸ் அக்கா மாத்திரை அட்டையைப் பாத்துட்டுச் சொன்னாங்க. அலறி அடிச்சு நியூரோகிட்ட போய் மெதுவா மூணு மாசத்துல லெவெடிரசெட்டமுக்கு மாத்துனோம், ஃபோலிக் ஆசிட்டும் ஆரம்பிச்சாங்க. இப்ப அவளுக்கு நாலு வயசுல ஒரு மகன், தெருப் பூரா ஓடுறான். உங்க வீட்ல பொண்ணு வால்ப்ரோயேட் போடுதுன்னா நீங்களா நிறுத்திறாதீங்க, அது இன்னும் ஆபத்து, இந்த வாரமே டாக்டர்ட்ட போய் மாத்த முடியுமான்னு கேளுங்க.

லெவெடிரசெட்டம் மத்த மருந்துகளோட ரொம்ப மோதாது, சீக்கிரமா டோஸ் ஏத்தலாம், ஆனா சில பேருக்கு எரிச்சல், கோவம் தாங்க முடியாம வரும், தங்கச்சி முதல் ரெண்டு மாசம் எங்க எல்லாரையும் திட்டித் தீத்தா, அப்புறம் சரியாச்சு. எங்க பி.எச்.சில இது சில மாசம் இருக்கும், சில மாசம் இருக்காது, இல்லாத மாசம் மக்கள் மருந்தகத்துல வாங்குவோம், பிராண்ட் விலைல பாதி கூட வராது.

மோதுறதுன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிர்றேன், பெரிய டாக்டருக்கு இது தெரியும் ஆனா அவர் உங்க பக்கத்துல இருக்க மாட்டாரு. டி.பி மாத்திரை ஆரம்பிச்சா வலிப்பு மருந்தோட அளவு ரத்தத்துல ஏறும் இறங்கும், அதனால டி.பிக்குப் போறப்ப வலிப்பு மாத்திரை அட்டையைக் காட்டணும். பினைடாயின், கார்பமசிபின், பினோபார்பிடோன் மூணும் கருத்தடை மாத்திரையோட பவரைக் குறைச்சிரும், இது தெரியாம எங்க சொந்தத்துலயே ஒரு பிள்ளை எதிர்பாக்காம பிறந்துச்சு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அது வேற கதை.

மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, அந்த டீம் தாலுகா ஆஸ்பத்திரி, பி.எச்.சின்னு முறை வச்சு வருவாங்க, அவங்ககிட்ட வலிப்புக்கும் மாத்திரை கிடைக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் 'மனநலம்'ங்கிற போர்டைப் பாத்துட்டுப் போக மாட்டாங்க. எங்க அம்மாவே "பைத்தியக்கார டாக்டர்ட்ட என் பிள்ளையைக் காட்ட மாட்டேன்"னு ஒரு வருஷம் அடம் பிடிச்சாங்க. வலிப்பு பைத்தியம் இல்ல. இந்தப் பேச்சுக்கு சட்டமே ஒரு காலத்துல துணை போச்சுங்கிறது வேற விஷயம், இந்து திருமணச் சட்டத்துல 1976-ல செஞ்ச திருத்தப்படி வலிப்பு இருந்தா கல்யாணத்துக்குத் தகுதி இல்லங்கிற மாதிரி இருந்துச்சு, 1999-லதான் அதை எடுத்தாங்க. தங்கச்சி கல்யாணத்துல நாங்க மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டோம், ரெண்டு இடம் அதனாலயே தட்டிப் போச்சு, மூணாவதா வந்த மாப்பிள்ளை "எங்கக்காவுக்கும் சக்கரை இருக்கு, தினம் ஊசி போடுது, அதுக்கென்ன"ன்னுட்டாரு.

இ-சஞ்சீவனி மாதிரி வீடியோல டாக்டர் பாக்குறதும் இப்ப இருக்கு, பாலோ அப்புக்கு நல்லது, முதல் தடவைக்கு நான் நம்ப மாட்டேன், டவரும் எங்க ஊர்ல நம்ப முடியாது.

எந்த நேரத்துல பி.எச்.சியை விட்டுட்டு மேல போகணும்னும் சித்திகிட்ட சொன்னேன். ரெண்டு மருந்தை சரியான டோஸ்ல ஒழுங்காப் போட்டும் வருதுன்னா, அது மருந்துக்கு அடங்காத வகையா இருக்கலாம், பத்துல மூணு பேருக்கு அப்படி, அவங்க வருஷக்கணக்குல மூணாவது நாலாவது மாத்திரைன்னு சேத்துட்டே இருக்காம திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுல இருக்குற வலிப்பு சென்டர் மாதிரி இடத்துக்குப் போகணும், 1995-லேருந்து அங்க ஆபரேஷன் நடக்குது, தமிழ்நாட்டுலேருந்தும் நிறைய பேர் போறாங்க. கர்ப்பம்னா, ரெண்டு வயசுக்குக் கீழ குழந்தைன்னா, கை கால் இழுத்துக்கிச்சுன்னா, பேச்சு குழறுதுன்னா, தலைவலியும் வாந்தியும் சேந்து இருந்தா அப்பவும் மேலதான். அப்புறம் மருந்தை நிறுத்துறது. ரெண்டு வருஷம் வரவே இல்லன்னா நிறுத்துறதைப் பத்திப் பேசலாம், அந்தப் பேச்சும் நியூரோவோடதான், மாசக்கணக்குல மெதுவாக் குறைக்கணும்.

அஞ்சு நிமிஷத்துக்கு மேல வெட்டு நிக்கல, இல்ல நினைவு திரும்பாமலே அடுத்தது வருதுன்னா பி.எச்.சி, நியூரோன்னு யோசிக்காம 108. மிடாசோலம்னு மூக்குல அடிக்கிற ஸ்பிரே இருக்கு, டாக்டர் எழுதிக் குடுத்தா வீட்ல ஒண்ணு வச்சிருக்கலாம், ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகுற எங்களுக்கு அது பெரிய தெம்பு. சாவிக்கொத்தைக் கையில திணிக்கிறது, பல்லுக்கு நடுவுல கரண்டி வைக்கிறது எல்லாம் வேணாம், ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு அடியில துண்டை மடிச்சு வச்சு, மணி பாருங்க, போதும்.

சின்னவன் கதைக்கு வர்றேன். கவர்மெண்ட் நியூரோ ஓ.பிலதான் காட்டுனாங்க, சித்தப்பா ஒரு நாள் பூரா நின்னாரு. ஸ்கேன்ல மூளைல சின்ன வளையம் மாதிரி ஒண்ணு, நாடாப்புழுவோட முட்டை வயித்துக்குள்ள போய், அதுலேருந்து வர்ற குட்டிப் புழு மூளைல தங்குறதுன்னு சொன்னாங்க, இது நம்ம நாட்டுல வலிப்புக்கு ஒரு பெரிய காரணமாம். சித்தி அழுதாங்க, "நாங்க பன்னிக்கறி தொட்டதே இல்லையே"ன்னு. அப்படி இல்ல, சரியா வேகாத பன்னிக்கறி சாப்பிட்டா குடல்ல புழு வரலாம், மூளைக்கு வர்றது அந்தப் புழு இருக்குற இன்னொரு ஆளோட மலத்துலேருந்து கை வழியா, கழுவாத காய் வழியா, தண்ணி வழியா, சைவக்காரங்களுக்கும் வரும். உடனே சித்தப்பா மெடிக்கல்ல பூச்சி மாத்திரை வாங்கப் போயிட்டாரு, நல்லவேளை போன் பண்ணிக் கேட்டாரு. மூளைல இருக்குற புழுவுக்கு அல்பெண்டசோல் குடுக்குறது சும்மா பூச்சி மாத்திரை போடுற மாதிரி இல்ல, புழு சாகும்போது சுத்தி வீங்கி ஃபிட்ஸ் கூடலாம், அதனால ஸ்டீராய்டும் சேத்து டாக்டர் பார்வையிலதான் குடுப்பாங்க. பெரிய ஆஸ்பத்திரியிலயே ரெண்டு வாரம் அதை முடிச்சுட்டு, கார்பமசிபின் எழுதி, பி.எச்.சிக்கு லெட்டரும் குடுத்துட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு மறுஸ்கேன். லிஸ்ட் கொண்டு போனதால பி.எச்.சில இருக்குற மாத்திரையாவே எழுதிட்டாங்க. இப்ப மாத்திரைக்கு அவன் நடந்தே போறான், பத்து நிமிஷம். திருவிழா வருது, முளைக்கொட்டுல விடிய விடிய முழிக்கக்கூடாதுன்னு சொன்னதுக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான், கண்மாயில தனியாக் குளிக்கக்கூடாதுன்னதுக்கு அதை விட.

நேத்து சித்தி மறுபடி போன். "மாத்திரை மாறிருச்சுய்யா, போன மாசம் வெள்ளை, இது ரோஸ் கலர், குடுக்கவா வேணாமா?" அட்டையைத் திருப்பி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே கார்பமசிபின் 200, கம்பெனி வேற. குடுங்க சித்தி, ஆனா நோட்டுல இன்னைக்குத் தேதி போட்டு மாத்திரை கலர் மாறுச்சுன்னு எழுதி வச்சிருங்கன்னு சொன்னேன்.